ஊழியர் மன்றமா, சொந்தச் சங்கமா, கிளையா? வன்னி ஆடைத் தொழிற்சாலைகளில் சம்பளப் பேச்சுக்குப் போகுமுன்

இலங்கையின் வன்னியில், அறிவியல்நகரிலோ வவுனியாவிலோ ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சம்பளக் கதை எழும்பினால், வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸுக்குள் முதலில் கேட்பது "எவ்வளவு கேட்பம்?" என்பதுதான். தொகை பிறகு. யார் கேட்பது, ஒப்புக்கொண்டதை எந்தத் தாளில் எழுதுவது, நிர்வாகம் கையை விரித்தால் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பது என்ற மூன்றும் முதலில் தீர வேண்டும். இவை தீராமல் மேசைக்குப் போனவர்கள் ஒரு தேநீரும் ஒரு வாக்குறுதியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

சம்பளப் பேச்சை நன்றாகப் பழகிய தொழிலாளர் என்றால் விமானிகளைச் சொல்லலாம். அமெரிக்காவில் டெல்ட்டா நிறுவன விமானிகள் 2023 மார்ச்சில், ஒரு நாள்கூட வேலையை நிறுத்தாமல், நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு தரும் ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். அவர்களிடம் இருந்து எடுக்கக்கூடியது நிறைய உண்டு. இங்கே அப்படியே செய்தால் கையைச் சுடுவதும் உண்டு. அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

கணக்குக்கு வசதியாக 600 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா. 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே அவ்வளவுதான். அதாவது இந்தத் தொழிற்சாலை சட்டம் சொன்னதற்கு மேலே ஒரு சதமும் கொடுக்கவில்லை.

மேசையில் யார் இருப்பது

ஊழியர் மன்றம் ஏற்கெனவே இருக்கும். புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. முதலீட்டுச் சபையின் கீழ் உள்ள தொழிற்சாலைகளில் இது வழக்கம். தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதிகள், மாதக் கூட்டம், வேலை நேரத்திலேயே பேச இடம். கன்டீன் சாப்பாடு, கழிவறைத் தண்ணீர், பஸ் பிந்தி வருவது போன்றவற்றுக்கு மன்றம் போதும். சில இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. சம்பளம் என்று வந்தால் மூன்று குறைகள் தெரியும். மன்றத்துக்குச் சொந்தக் காசு இல்லை. வெளியிலிருந்து சட்டத்தரணியைக் கூட்டிவர வழி இல்லை. மன்றக் கூட்டக் குறிப்பில் எழுதிய உயர்வு, கூட்டு ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்தாகி வர்த்தமானிக்குப் போகாதவரை, வெறும் கூட்டக் குறிப்புத்தான். முகாமையாளர் மாறினால் அந்தக் குறிப்பும் கோப்போடு போய்விடும்.

சொந்தச் சங்கம் தொடங்குவது சட்டத்தில் லேசு. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்து வைத்து, யாப்போடு, தொழிற்சங்கப் பதிவாளருக்கு விண்ணப்பிக்கலாம். சங்கம் உருவாகி மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். லேசாக இல்லாதது அந்த ஏழு பெயர். பதிவு வரும்வரை அந்த ஏழு பேருந்தான் வெளியே தெரியும் ஆட்கள். இலக்கு எட்டவில்லை, பிந்தி வந்தாய் என்று எச்சரிக்கைக் கடிதங்கள் வரத் தொடங்குவது அந்தக் காலத்தில்தான். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்னரே ஏழு பேரும் தங்கள் வரவுப் பதிவு, கடைசி ஆறு மாதச் சம்பளத் துண்டு, பாராட்டுக் கடிதம் இருந்தால் அது எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒருவர் நீக்கப்பட்டால் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் மட்டுமே இருக்கிறது. "முகாமையாளர் திரும்ப எடுப்பார்" என்று காத்திருந்து அந்த ஆறு மாதத்தையும் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சங்கம் பதிவானபின் இன்னொரு இடத்தில் சறுக்கும்: வருடாந்தக் கணக்கறிக்கை. பதிவாளருக்கு அது போகாவிட்டால் பதிவுக்கே ஆபத்து. பகல் முழுக்க மெஷினில் இருந்துவிட்டு, சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபின் வரவு செலவு எழுதுகிற பொருளாளரை நினைத்துப் பாருங்கள். சிறு சங்கங்கள் பல நிர்வாகத்தோடு மோதிச் சாவதில்லை, கணக்கு எழுத ஆளில்லாமல் சாகின்றன.

மூன்றாவது வழி, கொழும்பைத் தளமாகக் கொண்ட ஒரு தேசியச் சங்கத்தின் கிளையாகச் சேர்வது. பதிவு ஏற்கெனவே உண்டு, சட்டத்தரணி உண்டு, வேறு தொழிற்சாலைகளில் எழுதிய ஒப்பந்தங்கள் கோப்பில் உண்டு, வெளிநாட்டுக் கொள்வனவாளர்களோடு தொடர்பும் உண்டு. ஏழு பெயர் பிரச்சினை பெரிதாக எழாது. இதில் சிக்கல் தூரமும் மொழியும். தலைமையகம் சிங்களத்தில் நடக்கும். அவசரத்துக்கு வருபவர் தமிழ் தெரியாதவராக இருந்தால், நிர்வாகத்தின் மொழிபெயர்ப்பாளரே சங்கத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். அது கூடவே கூடாது. சேருமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: சந்தாவில் எவ்வளவு கிளையில் நிற்கும், பேச்சுவார்த்தைக்கு வருபவர் தமிழில் பேசுவாரா, இந்தத் தொழிற்சாலை ஒப்பந்தத்தை இந்தத் தொழிற்சாலை அங்கத்தவர்களின் வாக்கு இல்லாமல் தலைமையகம் கையெழுத்திடாது என்ற உறுதி.

கடைசியாகச் சொன்ன நிபந்தனையை விமானிகளிடம் இருந்து அப்படியே எடுக்கலாம். 2022 நவம்பரில் அமெரிக்காவின் யுனைட்டட் விமான நிறுவன விமானிகளின் பேச்சுக்குழு கொண்டுவந்த தற்காலிக ஒப்பந்தத்தை அங்கத்தவர்கள் 94 சதவீத எதிர்வாக்கில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு வந்த ஒப்பந்தம் அதைவிட மிகவும் பெரியது. பேச்சுக்குழு நல்லதோ கெட்டதோ, இறுதிச் சொல் லைனில் இருப்பவர்களுடையதாக இருந்தால் நிர்வாகம் நாலு பேரை மட்டும் சரிக்கட்டி வேலையை முடிக்க முடியாது.

எங்கள் எண்ணம்: 600 பேர் அளவுள்ள வன்னித் தொழிற்சாலைக்கு, அந்த மூன்று நிபந்தனையோடு, கிளைதான் பொருந்தும். மன்றத்தைக் கலைக்கத் தேவையில்லை. கன்டீனை அது பார்க்கட்டும்.

நாற்பது சதவீதம்

1999இல் 56ஆம் இலக்கச் சட்டத்தால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 32அ பிரிவு சேர்ந்தது. யாருக்காகச் சங்கம் பேச வருகிறதோ அந்தத் தொழிலாளரில் 40 சதவீதத்துக்குக் குறையாதோர் அங்கத்தவர் என்றால், அந்தச் சங்கத்தோடு பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நீக்குவதும் அதே பிரிவில் வரும். வழக்குப் போடும் அதிகாரம் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் மட்டும் இருக்கிறது. சங்கம் நேரே நீதிமன்றம் போக முடியாது. அதனால் முறைப்பாட்டைத் தொழில் திணைக்களம் தட்டிக்கழிக்க முடியாத அளவுக்கு ஆவணம் நிறைவாக இருக்க வேண்டும்.

600க்கு 40 சதவீதம் 240. ஆனால் 240 அங்கத்துவப் படிவத்தோடு போனால் தோற்பீர்கள். படிவம் நிரப்பிய நாளுக்கும் திணைக்களம் சரிபார்க்கும் அல்லது வாக்கெடுப்பு வைக்கும் நாளுக்கும் இடையில் ஆட்கள் விலகுவார்கள், கலியாணம் கட்டிப் போவார்கள், மத்திய கிழக்குக்குப் போவார்கள், பயந்து பின்வாங்குவார்கள். 330க்குக் குறையாமல் சேர்த்தபின் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். படிவத்தில் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊழியர் இலக்கம், பிரிவு, திகதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். ஊழியர் இலக்கம் விடுபட்ட படிவம் சரிபார்க்கும்போது முதலில் கழிக்கப்படும்.

சந்தாவைச் சம்பளத்தில் கழிக்கச் சம்மதக் கடிதம் கொடுத்தால் அங்கத்துவத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆனால் பெயர்ப்பட்டியல் முழுவதும் நிர்வாகத்தின் கைக்குப் போகும். பெரும்பான்மை உறுதியான பிறகே அந்தக் கடிதங்களை ஒரே நாளில் கொடுக்க வேண்டும். பத்துப் பத்தாகக் கொடுத்தால் பத்துப் பேராகக் கூப்பிட்டுக் கதைப்பார்கள்.

மான்பவர் ஆட்களைக் கவனியுங்கள். முகவர் மூலம் வருபவர்கள் தொழிற்சாலையின் ஊழியர் பட்டியலில் இருக்கமாட்டார்கள். எண்ணிக்கைக்கு இது வசதிபோலத் தெரியும், வேலை நிற்கும் நாளில் மெஷினில் இருக்கப் போவது அவர்கள்தான். விமானிகள் தங்கள் ஒப்பந்தங்களில், நிறுவனத்தின் பெயரில் பறக்கும் விமானத்தை யார் ஓட்டலாம், துணை நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு எல்லை போடுவதில் சம்பளத்துக்கு நிகராகச் சண்டை பிடிப்பார்கள். இங்கும் அதே போல ஒரு வாசகம் வேண்டும்: ஒரு லைனில் மான்பவர் ஆட்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இத்தனை மாதத்தில் நிரந்தரம்.

எந்தக் காசு

நிர்வாகம் பெரும்பாலும் இரண்டு வடிவில் காசு நீட்டும். ஒன்று, அடிப்படைச் சம்பளத்தில் 3,000 கூட்டுவது. மற்றது, வரவுக் கொடுப்பனவாக 4,500. கேட்டவுடன் 4,500க்குத்தான் கை உயரும். லைனில் இருக்கும் இளம் பிள்ளைகளிடம் வாக்கெடுத்தால் அதுவே வெல்லும். கணக்கைப் பார்ப்போம்.

அடிப்படையில் 3,000 கூடினால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 சதவீதம் 240 ரூபா கழியும். நிர்வாகம் 12 சதவீதம், 360 ரூபா போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், 90 ரூபா. மேலதிக நேரத்துக்கு மாதச் சம்பளத்தை 200 மணித்தியாலத்தால் வகுக்கும் இடத்தில், 3,000 என்பது மணிக்கு 15 ரூபா, ஒன்றரை மடங்கில் 22 ரூபா 50 சதம். மாதம் 40 மணித்தியாலம் செய்தால் 900 ரூபா. கைக்கு வருவது 3,660. நிதிகளில் சேர்வது 690. அதோடு பணிக்கொடை: ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில். ஆகவே இந்த 3,000, கடந்த வருடங்களுக்கும் சேர்த்து, வருடத்துக்கு 1,500 கூட்டும். பத்து வருடக்காரிக்கு 15,000.

வரவுக் கொடுப்பனவு 4,500 கைக்கு முழுதாக வரும், ஒரு நாளும் லீவு எடுக்காத மாதங்களில். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால் பாதி, இரண்டு நாள் என்றால் முழுவதும் போகும் என்பதுதான் வழக்கமான விதி. வருடத்தில் நான்கு மாதம் முழுதாகத் தவறினால் சராசரி 3,000 ஆகிறது. சேமலாப நிதியும் மேலதிக நேரமும் பணிக்கொடையும் அதனால் நகராது. அடுத்த முறை சதவீதக் கணக்கில் உயர்வு வரும்போதும் இந்தத் தொகை கணக்கில் சேராது.

வன்னியில் இன்னொன்று. நவம்பர், டிசம்பர் மாரியில் இரணைமடு வான்கதவு திறந்தால், தாழ்ந்த பாதைகளில் பஸ் வராது. புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்தோ பூநகரிப் பக்கத்திலிருந்தோ வருபவர் விடிய நாலரைக்கு எழும்பி றோட்டில் நின்றும் வேலைக்குப் போக முடியாமல் போகும். அந்த நாளுக்கு வரவுக் காசு வெட்டப்படும். கொடுப்பனவை ஏற்கத்தான் வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரி: "தொழிற்சாலை ஒழுங்கு செய்த பஸ் வராத நாளும், பிரதேச செயலகம் வெள்ள அபாயம் என அறிவித்த நாளும் வராத நாளாகக் கணிக்கப்படமாட்டா." இந்த வரிக்கு நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை. கேட்டால் கிடைக்கும், கேட்காதவருக்குக் கிடைக்காது.

பேச்சு முறிந்தால்

கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போய், 14 நாள் தவணை முடிந்து, நிர்வாகம் அதிகாரமில்லாத ஒரு மனிதவள அலுவலரை மட்டும் அனுப்பி இரண்டு கூட்டம் இழுத்துவிட்டது என்று வையுங்கள். (முதல் கூட்டத்திலேயே "உடன்பட உங்களுக்கு அதிகாரம் உண்டா?" என்று கேட்டுக் குறிப்பில் எழுதுவித்திருந்தால் இந்த இரண்டு கூட்டம் மிஞ்சியிருக்கும்.) இப்போது நான்கு கதவு உண்டு.

தொழில் திணைக்களத்தின் இணக்கப்படுத்தல் செலவில்லாதது. மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு, இரு தரப்புக்கும் அழைப்பு, இணங்கினால் ஒரு தீர்வுப் பத்திரத்தில் கையெழுத்து. அந்தப் பத்திரம் சட்டப்படி கட்டுப்படுத்தும். இதன் பலவீனம், அலுவலர் யாரையும் வற்புறுத்த முடியாது. ஆனாலும் இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. "நாங்கள் எல்லாம் முயன்றோம்" என்ற பதிவு பிறகு கொள்வனவாளரிடமும் நீதிமன்றத்திலும் தேவைப்படும்.

நடுத்தீர்ப்பு என்பது நடுவர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது. அதற்கு இரு தரப்புச் சம்மதத்தோடும் போகலாம், அமைச்சர் கட்டாயமாகவும் அனுப்பலாம். ஒரே ஒரு கேள்வி, எண்ணால் விடை சொல்லக்கூடியது என்றால் இது நல்லது: போனஸ் கணக்கு எந்தச் சம்பளத்தில், பழைய நிலுவை எத்தனை மாதத்துக்கு. பத்துக் கோரிக்கையோடு போனால் வருடக்கணக்கில் இழுபடும். விசாரணை பெரும்பாலும் கொழும்பில். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் போய்ச் சாட்சி சொல்லும் பிள்ளைக்கு ஒவ்வொரு தவணையும் இரண்டு நாள் சம்பளம். பிணக்கு நடுத்தீர்ப்புக்குப் போனபின் அதே விஷயத்துக்காக வேலையை நிறுத்துவது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். கையில் இருக்கும் ஒரே அழுத்தத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறீர்கள்.

வேலைநிறுத்தம் பற்றித்தான் அதிகம் வாய் வீரம் நடக்கும். அங்கத்தவர் 600 பேரும் மாதம் 100 ரூபா சந்தா கட்டினால் வருடத்தில் 720,000. 30,000 சம்பளத்தில் ஒரு நாளுக்கு 1,200. 600 பேருக்கு ஒரு நாள் 720,000. அதாவது ஒரு முழு வருடச் சந்தா, எல்லாருக்கும் ஒரே ஒரு நாள் சம்பளம் கொடுக்கத்தான் காணும். இரண்டாவது நாள் அவரவர் கைக்காசு. வன்னியில் அந்தக் கையில் ஏற்கெனவே கிழமைக்கு ஒருமுறை நுண்கடன் தவணை, சீட்டு, அடகு வட்டி எல்லாம் இருக்கின்றன. தவணை வாங்க வருபவருக்கு உங்கள் போராட்டம் ஒரு காரணமே இல்லை. நிறுத்தத் தீர்மானிக்குமுன் லைன் லைனாக ஒரு கணக்கெடுங்கள்: எத்தனை பேருக்குத் தவணை, எந்த நாள், எவ்வளவு. ஐந்தாம் நாள் யார் உள்ளே போவார்கள் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். காலபோக நெல் வீட்டுக்கு வந்தபின், பெப்ரவரி முடிவிலும் மார்ச்சிலும், அரிசியாவது வீட்டில் இருக்கும். நெல் விற்ற காசும் சில வீட்டில் இருக்கும்.

விமானிகளோடு வித்தியாசம் இங்கேதான். ஒரு வகை விமானத்துக்குத் தகுதி பெற்ற விமானிக்குப் பதில் ஆள் கிழமைகளில் வராது. விமானம் தரையில் நின்றால் அன்றைய வருமானம் அன்றே போயிற்று. தையல் லைனுக்கோ புதிய ஆளைச் சில கிழமையில் பழக்கலாம், ஓடரை வேறு மாவட்டத்துச் சகோதரத் தொழிற்சாலைக்கு மாற்றலாம். உங்கள் பலம் கப்பல் ஏற்றும் திகதிக்கு முந்திய இரண்டு மூன்று கிழமை மட்டும். அது தவறினால் சரக்கு விமானத்தில் போக வேண்டும், அந்தச் செலவு நிர்வாகத்தின் தலையில்.

அதனால்தான் நாலாவது கதவு, மேலதிக நேரத்தை மறுப்பது, எங்கள் பார்வையில் முழு நிறுத்தத்தைவிட நல்லது. அடிப்படைச் சம்பளம் ஓடும், மேலதிக நேரக் காசு மட்டும் போகும். கப்பல் திகதியை எட்ட நிர்வாகம் நம்பியிருப்பது அந்த மேலதிக நேரத்தைத்தான். நியமனக் கடிதத்தில் மேலதிக நேரம் கட்டாயம் என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாரும் சேர்ந்து சுகயீன லீவு போடுவது இந்த நாட்டில் பழகிய உத்தி. தனியார் தொழிற்சாலையில் வேண்டாம். மருத்துவச் சான்று பொய் என்று நிறுவினால் அது சங்கத்தின் பிணக்காக இல்லாமல் தனி ஆளின் ஒழுக்கக் குற்றமாகிவிடும், ஒவ்வொருவராகப் பிடிப்பார்கள். 1999 பெப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் அப்படிச் செய்து, நீதிமன்ற உத்தரவையும் மீறியதால், அவர்களுடைய சங்கத்துக்கு ஏறக்குறைய 45 மில்லியன் டொலர் தண்டம் விழுந்தது.

கையெழுத்து வைக்கும் நாளில்

ஒப்பந்தம் தமிழிலும் இருக்க வேண்டும். முரண்பட்டால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்ற வரியை நிர்வாகம் ஆங்கிலத்துக்கு எழுதி வைத்திருக்கும். தமிழ்ப் பிரதிக்கும் சம மதிப்பு என்று மாற்றுவியுங்கள். பிரதி ஒன்று தொழில் ஆணையாளருக்குப் போய் வர்த்தமானியில் வந்தபிறகே அது ஒவ்வொருவருடைய வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகிறது. யார் அனுப்புவது, எத்தனை நாளில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த ஒப்பந்தத்தில் உள்ள விஷயத்தை மாற்றுவதற்காக அது நடைமுறையில் இருக்கும்போது வேலையை நிறுத்த முடியாது என்பதால், தெளிவில்லாத வரி ஒன்றோடு மூன்று வருடம் வாழ வேண்டி வரும்.

முடிவுத் திகதியை நிர்வாகம் ஓடர் குறைந்த மாதத்தில் வைக்கப் பார்க்கும். உங்கள் தொழிற்சாலையில் கப்பல் ஏற்றம் நெருக்கும் மாதம் எது என்று பொதியிடும் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். அந்த மாதத்துக்கு ஒரு மாதம் முன்னே முடியும்படி கேளுங்கள். அமெரிக்க விமானிகளின் ஒப்பந்தம் திகதி வந்தாலும் செத்துப்போவதில்லை; புதியது வரும்வரை பழையது ஓடும், திருத்தப் பேச்சு மட்டும் திறக்கும். அங்கே அது சட்டத்தாலேயே வருகிறது. இங்கே நீங்கள்தான் எழுத வேண்டும்: "புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இதன் நிபந்தனைகள் தொடரும், புதிய உயர்வு முடிவுத் திகதிக்கு மறுநாளிலிருந்து நிலுவையோடு வழங்கப்படும்." இரண்டாவது பாதியை விட்டுவிட்டால், பேச்சு இழுபடும் ஒவ்வொரு மாதமும் நிர்வாகத்துக்கு லாபம்.